அந்த வரி ஏன் இருக்கிறது?

கணக்குப் பதிவியலில் ஒவ்வொரு குறிப்பேட்டுப் பதிவுக்கும் கீழே விளக்கக் குறிப்பு எழுதுவார்கள். தொகை பதிவிலேயே இருக்கிறது. காரணத்தைத்தான் குறிப்பு சொல்லும். பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் கமெண்ட்டுக்கும் அதே வேலைதான்.

2006-ல் டெபியன் லினக்ஸில் நடந்ததைப் பாருங்கள். ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் இரண்டு வரிகளைப் பிழை தேடும் கருவி குறை சொன்னது. பராமரிப்பாளர் இரண்டையும் நீக்கிவிட்டார். ரகசியச் சாவிகளுக்கான ரேண்டம் தகவலைக் கலப்பதே அதில் ஒரு வரியின் வேலை. அந்த வரிக்குப் பக்கத்தில் அதைச் சொல்லும் கமெண்ட் இல்லை. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சுமார் 32,768 சாத்தியங்களே மிஞ்சின. விஷயம் வெளியே தெரிந்தது 2008 மே மாதம்தான்.

அதன் பிறகு ஓபன்எஸ்எஸ்எல்லில் அந்த வரிக்கு ஒரு கமெண்ட் சேர்ந்தது: கருவி குறை சொல்லும், ஆனாலும் நீக்காதீர்கள், நீக்கினால் சாவிகள் பலவீனமாகும் என்று. வரி என்ன செய்கிறது என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் இருக்கிறது என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.