எலெக்ட்ரிக் கிடார்: வாங்கலாமா, வேண்டாமா?

கொஞ்ச நாளாகவே எனக்கு ஸ்கொயர் கிடார் மேல் ஒரு கண். 1954-ல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அதே சாயல், ஆனால் விலை மலிவு.

பழசை அப்படியே செய்தால் பழைய குறையும் கூடவே வருமே! அதன் பிக்கப்பில் ஒற்றைச் சுருள். கம்பி அதிர்வோடு, பக்கத்தில் ஓடும் மோட்டாரின் இரைச்சலையும் பிடித்து 'ம்ம்ம்' என்று ஸ்பீக்கரில் விடும். தாராபுரத்தில் எங்கள் வீட்டிலோ நாள் பூராவும் அம்மாவின் பனியன் தையல் மெஷின் ஓடும் :-)

இதற்கு மருந்து, கிப்ஸனில் சேத் லவர் 1955-ல் உருவாக்கிய ஹம்பக்கர். இரண்டு சுருள்கள் ஒன்றின் இரைச்சலை ஒன்று அடித்துவிடும். அழகு போனால் போகிறது, ஹம்பக்கர் கிடார்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ராத்திரியில் மெஷின் நிற்குமே என்கிறீர்களா? அப்போதுதானே மக்களே அம்மா தூங்க முடியும்!