ஒற்றின் புள்ளியும் ஒரு சோதனை நிரலும்



கேட்டல் திறனைச் சோதிக்கும்பொழுது விடையை நீண்ட வாக்கியமாக எழுதச் சொன்னால், குறை கேட்டலிலா எழுத்திலா என்பது தெரியாமற் போகும். ஆதலால் ஒரு திறனை மட்டும் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்தனர். நிரல் எழுதுவோரும் இந்நெறியையே கையாளுகின்றனர் என்பதை அண்மையில் அறிந்தேன்.

என் முன்னாள் மாணவர் ஒருவர், பரிசளிப்பு விழாவில் மாணவர் பெயர்களைக் காட்டும் மின்பலகைக்குச் சி மொழியில் நிரல் எழுதினார். பலகையோ இன்னும் வந்து சேரவில்லை. "பலகை இல்லாமல் எப்படியப்பா சோதிப்பாய்?" என்றேன். "அதற்குத்தான் ஸ்டப் இருக்கிறது, டீச்சர்" என்றார்.

பெயரை வரிகளாகப் பிரிப்பது நிரலின் ஒரு பகுதி. பிரித்ததைப் பலகையில் ஒளிரச் செய்வது வேறொரு செயற்கூறு. ஸ்டப் என்பது, அச்செயற்கூற்றின் பெயரையே தாங்கி அதன் இடத்தில் நிற்கும் பதிலி. அது எதையும் ஒளிரச் செய்யாது. தனக்கு வந்தது என்ன, எந்த வரிக்கு வந்தது என்று பட்டியலில் குறித்து வைக்கும், அவ்வளவே. அப்பட்டியலை நாம் எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடலாம். சோதிக்கப்படும் பகுதியில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

ரூமி எழுத்திலிருந்த பெயர்கள் யாவும் தேறின. "தமிழ்ச்செல்வி என்று கொடுத்துப் பார்" என்றேன். வரிக்கு 20 இடம். பெயருக்கு 7 எழுத்து. ஒரே வரியில் அடங்க வேண்டும். ஆனால் பட்டியலில் பெயர் இரண்டாக உடைந்திருந்தது. யூடிஎஃப்-8 முறையில் அப்பெயர் 13 குறியீடுகள்; ஒவ்வொன்றும் 3 பைட்டு; ஆக 39. நிரல் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி, இருபதாவதில் வெட்டிவிட்டது. வெட்டு விழுந்த இடம் 'ச்' என்பதன் புள்ளி. முதல் வரியில் புள்ளியிழந்த 'ச' மட்டும் நின்றது.

எழுத்து முடியும் இடத்தில் மட்டுமே வெட்டுமாறு அவர் நிரலைத் திருத்தினார். எனினும் பதிலிக்கும் எல்லை உண்டு. 'செ' என்பதில் முதலில் சேமிக்கப்படுவது சகரம், பிறகே கொம்பு. திரையிலோ கொம்பு இடப்புறம் வர வேண்டும். அது சரியாக வருகிறதா என்பதைப் பதிலி சொல்லாது. பலகை வந்தபின் கண்ணால்தான் காண வேண்டும்.

நம் வகுப்பறைச் சோதனையும் இத்தகையதே. கேட்டதற்கு மட்டுமே அது விடை தரும். 'படம்', 'மரம்' போன்ற சொற்களை மட்டும் கொடுத்துப் பெற்ற முழுப் புள்ளிகள், பிள்ளை கொம்பை அறிவான் என்பதற்குச் சான்றாகா. பெற்றோர்களே, பிள்ளை எத்தனை புள்ளிகள் பெற்றான் என்று கேட்பதோடு, சோதனையில் எந்தச் சொற்கள் வந்தன என்றும் கேளுங்கள். மேடையில் தன் பெயர் சிதைந்து நிற்பதைக் காணும் நிலை எந்தக் குழந்தைக்கும் வரவேண்டாம்.