வேலிக்கு அப்பால் நிற்கும் மரம்

ஆப்பிள் மரம் தனித்து வாழாது. வீட்டுத் தோட்டத்தில் ஒன்றை வளர்க்க நினைப்பவர் முதலில் அறிய வேண்டியது இதுதான். லண்டன் புறநகரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் பிராம்லி மரம்தான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. புளிப்பான சமையல் ஆப்பிள் அது. மாங்காய் கிடைக்காத ஊரில் எங்கள் பச்சடிக்கும் தொக்குக்கும் கைகொடுப்பது அந்தக் காய்தான்.

ஆப்பிள் விதை முளைக்கும். ஆனால் தாய்மரத்தின் பழத்தை அப்படியே தராது. 1809-இல் நாட்டிங்காம்ஷயரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து எழுந்ததுதான் முதல் பிராம்லி மரம். அந்த மரம் நின்ற வீட்டைப் பிறகு வாங்கியவரின் பெயர் பழத்துக்கு நிலைத்துவிட்டது. அந்த மரத்தின் குச்சிகளை வெட்டி ஒட்டுக்கட்டி, அந்த ஒட்டுகளிலிருந்து மறுபடி குச்சி எடுத்துத்தான் இனம் பெருகியது. எங்கள் மரமும் அந்த ஒரே மரத்தின் கிளைதான்.

கிளை அங்கிருந்து வந்தது என்றால் வேர் வேறொன்றுடையது. ஒட்டின் அடியில் இருக்கும் வேர்ச்செடிதான் மரத்தின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. கென்ட் மாவட்டத்து ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் தரம் பிரித்த எம்9 வேரில் மரம் பத்தடி அளவில் நின்றுவிடும். ஆயுள் முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும். நடும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் மேல்மரமே வேர்விட்டு, கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிடும்.

தாய்மரத்துக்கும் வேர்ச்செடிக்கும் அடுத்த மூன்றாவது துணை மகரந்தம். பெரும்பாலான ஆப்பிள்கள் தம் மகரந்தத்தால் சரியாகக் காய்ப்பதில்லை. வேறு ரகம் ஒன்று அருகில் அதே சமயம் பூக்க வேண்டும். பிராம்லியின் மகரந்தமோ பிற ரகங்களுக்கும் பயன்படாது. பெறுவது மட்டுமே அதன் இயல்பு. பக்கத்து வீட்டு முதியவரின் காக்ஸ் ரக ஆப்பிள் மரமே எங்கள் மரத்தைக் காய்க்க வைத்தது. அவர் மறைந்தபின் வந்தவர்கள் அதை வெட்டித் தரையில் கல் பாவினார்கள். அடுத்த வசந்தத்தில் எங்கள் மரம் கிளை தெரியாமல் பூத்தும், பிஞ்சு அரிதாகவே நின்றது. அந்தப் பூக்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. வேலியோரம் ஒரு காட்டு ஆப்பிள் நட்டோம். அது நீண்ட நாள் பூக்கும், மகரந்தமும் மிகுதி. அது பூக்கத் தொடங்கியபின் எங்கள் மரமும் மறுபடி காய்த்தது.

மற்றப் பராமரிப்பு கடினமல்ல. இலையுதிர்ந்த குளிர்காலத்தில் கவாத்து செய்து, நடுவில் வெளிச்சமும் காற்றும் புக வழிவிட வேண்டும். ஜூன் கடைசியில் மரம் தானாகச் சில பிஞ்சுகளை உதிர்க்கும். அதன்பின்னும் நெருக்கமாக இருப்பவற்றைக் கிள்ளி, காய்க்குக் காய் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி விடவேண்டும். இல்லாவிட்டால், அத்தனையையும் சுமந்து களைத்த மரம் மறு ஆண்டு காய்க்க மறுக்கும்.

கன்று வாங்கப் போகிறவர்கள் ஏப்ரல் கடைசியில் தெருவை ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்தத் தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது என்று பாருங்கள். பழைய மரத்தை வெட்ட நினைப்பவர்கள் அதற்குமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் மரத்தை நம்பி அவர்கள் மரம் காய்த்துக்கொண்டிருக்கலாம்.