நாலு மில்லிமீட்டர்

போன மாசம் கேன்டீன்ல ஜூனியர் ஒருத்தன் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். "அண்ணா, கிடார் கத்துக்கணும்னு ஆசை. முதல் கிடார் எது வாங்கலாம்? உங்ககிட்ட ஒண்ணு இருக்காமே?"

இருக்கு. நாலு வருஷமா பீரோ மேல இருக்கு. அதை நான் அவன்கிட்ட சொல்லல.

எங்க வீடு திருவொற்றியூர். அப்பா எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில ஃபிட்டர். ராஜா சார்னா அவருக்கு உயிர். 'பயணங்கள் முடிவதில்லை' படத்து நிலா பாட்டு ரேடியோவில் வந்தால், அந்த ஆரம்ப கிடார் முடியும் வரை வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது. நான் பிளஸ் டூ பாஸானதும் ஓ.டி. காசில் ஆன்லைனில் ஒரு கிடார் ஆர்டர் போட்டார். பை, பிக், எக்ஸ்ட்ரா கம்பி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள்ள.

யூடியூப் பார்த்து ஆரம்பிச்சேன். முதல் வாரமே விரல் நுனி கன்னிப்போச்சு. எல்லாருக்கும் அப்படித்தான், தோல் தடிச்சா சரியாகும்னு சொன்னாங்க. தோல் தடிச்சும் ஆறு மாசம் ஓடிப்போச்சு. எஃப் கார்டு மட்டும் வரவே இல்ல. அழுத்துற அளவுக்கு அழுத்தினாலும் 'டொக்கு'ன்னு ஒரு சத்தம்தான். சரி, நமக்கு சங்கீதம் வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். "ஏண்டா வாசிக்கிறதே இல்ல?"ன்னு அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "வரலப்பா"ன்னேன். அதுக்கப்புறம் அவர் கேட்கல. ஓ.டி. காசு வீணாப்போச்சுன்னும் சொல்லல. சொல்லியிருந்தா கூட பரவாயில்லைன்னு இருந்தது.

ஜூனியரோட ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். தேரடியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அண்ணா சாலை போயிடலாம். அங்கே மியூசி மியூசிக்கல், 1842-ல் தொடங்கிய கடை. அவனுக்காக ஒரு கிடாரை எடுத்து, சும்மா எஃப் பிடிச்சுப் பார்த்தேன்.

வந்துச்சு. ஆறு கம்பியும் சுத்தமா.

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேல இருந்த கிடாரை இறக்கி, வொர்க்‌ஷாப் ஸ்டீல் ஸ்கேலை 12-வது ஃப்ரெட்டில் வச்சேன். தடிச்ச கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 4 மில்லிமீட்டர். இருக்க வேண்டியது 2.5 கிட்ட. கிடார்க்காரங்க இந்த உயரத்தை 'ஆக்‌ஷன்'னு சொல்றாங்க. அது கூடினால் விரல் வலிக்கிறதோட நிற்காது. கம்பியை அவ்வளவு தூரம் கீழே தள்ளும்போது இழுவிசை ஏறி, சுரமும் மேலே போயிடும். சரியா ட்யூன் பண்ணியும் அபசுரமா கேட்கும். மெக்கானிக்கல் படிக்கிறவன் நான். நாலு வருஷத்துல ஒரு தடவை கூட அளந்து பார்க்கத் தோணல. என்னைத்தான் குறை சொல்லிக்கிட்டிருந்தேன்.

அதனால முதல் கிடார் வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பிராண்டு, கலர் எல்லாம் அப்புறம். கையில ஸ்கேல் கொண்டு போங்க, 12-வது ஃப்ரெட்டில் உயரத்தைப் பாருங்க. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்க. எங்கேயாவது 'ர்ர்ர்'னு அதிர்ந்தால் கேளுங்க. போன்ல ட்யூனர் ஆப் போட்டு, கம்பியைச் சும்மா மீட்டும்போதும் 12-வதில் அழுத்தி மீட்டும்போதும் ஒரே சுரம் காட்டுதான்னு பாருங்க. கழுத்துக்குள்ள 'ட்ரஸ் ராடு' இருக்கான்னு கேளுங்க. ஆறு கம்பியும் சேர்ந்து 60, 70 கிலோ அளவுக்கு இழுக்குது, கழுத்து வளைஞ்சா நிமிர்த்த அந்த ராடுதான் வேணும். முதல் கம்பி 0.012 இன்ச்சுக்குப் பதிலா 0.010 இருக்கிற செட் போடச் சொல்லுங்க, விரலுக்கு இதமா இருக்கும். முழு மரப் பலகை வச்ச விலை கூடின கிடாருக்கு இப்போ ஆசைப்பட வேண்டாம். நம்ம ஏரியா கடல் காத்து ஈரத்துக்கு ஒட்டுப்பலகைதான் தாங்கும். வாசிச்சு முடிச்சதும் கம்பியைத் துடைங்க, இல்லைன்னா ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் எந்த வீட்டுலயும் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். முடிஞ்சா வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட சொல்லத் தயக்கமா இருந்தது. அவர் ஆசையா வாங்கினது. அதுல குறைன்னு எப்படிச் சொல்றது? கடைசியில ஸ்கேலோட கொண்டு போய் அவர் முன்னால வச்சேன்.

அவர் ஒண்ணும் பேசல. கிடாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு கழுத்து நெடுக்கப் பார்த்தார், ஷாஃப்ட் பார்க்கிற மாதிரி. "கழுத்து நேராத்தான்டா இருக்கு. கம்பி உட்கார்ற இந்தப் பிளாஸ்டிக்தான் ஒசரம்." அதுக்குப் பேரு சேடில். 12-வது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்கணும்னா சேடில்ல ரெண்டு மில்லிமீட்டர் எடுக்கணும்னு நான் கணக்குச் சொன்னேன். கம்பியைத் தளர்த்தி, சேடிலை உருவி, எமரி ஷீட்டைத் தரையில் விரிச்சு, அடிப்பக்கத்தைக் கோணாமல் தேய்ச்சார். நடுவுல ரெண்டு தடவை அளந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பண்ணியிருப்பேனே"ன்னார்.

இப்போ 3 மில்லிமீட்டர். இன்னும் கொஞ்சம் உயரம்தான். ஆனா எஃப் வருது. நிலா பாட்டுக்கு இன்னும் ரொம்ப தூரம் போகணும். நான் கிடாரை எடுத்தா அப்பா மிக்ஸியை நிறுத்தச் சொல்றார்.