காக்காவும் தம்பியும்

சீகிரியா எமது மாத்தளை மாவட்டத்தில் இருப்பதால், எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் தரம் 6 க்கு வருமுன் ஒருமுறையாவது அந்தக் குன்றில் ஏறிவிடுவார்கள். சிங்கத்தின் நகங்களோடு நின்று படம் எடுப்பார்கள், குளவிக்குப் பயப்படுவார்கள். கதையை மட்டும் அரைகுறையாகக் கொண்டுவருவார்கள்: தந்தையைக் கொன்ற காசியப்பன் கெட்டவன், படையோடு வந்த தம்பி முகலன் நல்லவன்.

கதைகளை ஒப்பிட ஆசிரியர் கலாசாலையில் எமக்கு ஓர் அட்டவணை சொல்லித் தந்தார்கள். பாத்திரம், முரண்பாடு, களம் என்று மூன்று நிரல். இருபது வருடமாக நானும் கரும்பலகையில் அதைத்தான் போட்டு வருகிறேன். சீகிரியாவையும் இராமாயணத்தையும் அதில் அருகருகே வைத்தால் வகுப்பு உற்சாகமாகிவிடும். இரண்டிலும் எட்டாத கோட்டையில் ஓர் இலங்கை அரசன், கடல் கடந்து வரும் படை, அந்தப் படையோடு ஒரு தம்பி. இராவணன் இலங்கையைப் பறித்தது தன் அண்ணன் குபேரனிடமிருந்து. காசியப்பனோ குன்றின் மேல் குபேரனைப் போல வாழ்ந்தான் என்று சூளவம்சம் எழுதுகிறது. விபீடணனை நம்மவர்கள் காட்டிக்கொடுத்தவன் என்று ஏசுவார்கள். களனியில் சிங்கள மக்கள் அவனைக் காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். துரோகியா தர்மவானா என்று பிள்ளைகள் அடிபடத் தொடங்கினால் மணி அடிக்கும்வரை ஓயாது.

ஆனால் சூளவம்சத்தை ஊன்றிப் படித்தால் அட்டவணை தடுமாறும். கதை நடப்பது 5 ஆம் நூற்றாண்டில். தாதுசேனன் தன் மகளைச் சகோதரியின் மகன் மிகாரனுக்குக் கட்டிக்கொடுத்தான். அவன் குற்றமேதும் செய்யாத அவளைச் சவுக்கால் அடித்தான். இரத்தம் தோய்ந்த உடையைக் கண்ட அரசன், மிகாரனின் தாயை, அதாவது தன் சகோதரியை, உயிரோடு எரிக்கச் செய்தான். அந்த மிகாரன்தான் பிறகு காசியப்பனைத் தூண்டிவிட்டான். செல்வத்தை எங்கே ஒளித்தாய் என்று கேட்டபோது தாதுசேனன் கலாவாவிக்குப் போய், தான் கட்டிய குளத்து நீரை அள்ளி, இதுதான் என் சொத்து என்று காட்டினானாம். சங்கிலியிட்டு, சுவரில் வைத்துக் களிமண் பூசினார்கள். நூலாசிரியர் அத்தோடும் விடவில்லை. அந்த வாவிக்கு அணை கட்டியபோது, தியானத்திலிருந்து எழாத ஒரு பிக்குவின் மேல் மண்ணைக் கொட்டச் செய்தவன் இதே தாதுசேனன், அதன் பலனே இது என்கிறார். வென்று வந்த முகலனும் லேசானவன் அல்லன். தந்தையைக் கொன்றவனோடு சேர்ந்திருந்த பிரதானிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்று, இராக்கதன் என்று பெயர் வாங்கினான். இராவணனுக்குரிய பெயர் நல்ல தம்பிக்கு!

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "வாப்பாவ செவத்துக்குள்ள வெச்சிப் பூசினவனுக்கு அதுக்குப் பொறகு எப்பிடி சேர் நித்திர வந்தீக்கும்?"

வந்திருக்காது. காசியப்பன் மறுமைக்கு அஞ்சினான், விகாரையைப் புதுப்பித்தான், நிலங்கள் கொடுத்தான். தந்தையைக் கொன்றவனின் கொடை என்று பிக்குகள் தங்களுக்கென அதை ஏற்க மறுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஹாபீல் காபீல் வரலாற்றை எடுத்தேன். கொன்ற சகோதரனின் உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவனுக்கு, மண்ணைத் தோண்டிக் காட்ட அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அதன் பிறகே அவனுக்குக் கவலை வந்தது. (எமது பேச்சில் மூத்தவனும் காக்கா, காகமும் காக்கா. காக்காவுக்குக் காக்கா பாடம் எடுத்ததென்று வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும்.)

அடுத்த வாரம் ஒரு பிள்ளையின் வாப்பா வந்தார். "குர்ஆன்ல உள்ளதையும் கட்டுக்கதையையும் ஒரே போர்ட்ல எழுதுறது சரியா சேர்?" நியாயமான கேள்வி. எனக்கு ஒன்று ஈமான், மற்றது இலக்கியம் என்றேன். மனிதன் செய்த பிழைக்குப் பிறகு அவனுடைய வருத்தம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் பிள்ளைகளிடம் கேட்கிறேன் என்றேன். யூஸுப் (அலை) அவர்களைக் கிணற்றில் போட்ட சகோதரர்களுக்கு மன்னிப்புக் கேட்க அவர் உயிரோடு இருந்தார். தானியம் வாங்க வந்த இடத்தில் மன்னிப்பும் கிடைத்தது. காபீலுக்கும் காசியப்பனுக்கும் அப்படிக் கேட்க ஆளில்லை. அவர் முழுதாகச் சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் கட்டிட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. 150 பேருக்கும் மேல். 1980களின் இறுதிக்காலத்தவை என்றது முதல் ஆய்வு. 1950 க்கு முற்பட்டவை என்றது பின்னர் வெளிநாட்டில் நடந்த பரிசோதனை. அந்தக் கலவர நாட்களில் மகனைத் தொலைத்த தாய்மார் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். காகத்தின் பாடம் வரும்போது எவராவது ஒரு பிள்ளை அந்த வளவைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை.

அதனால் இப்போது நான்காவது நிரல் ஒன்றும் வரைகிறேன்: உடலை அடக்கியது யார்? இராவணனுக்கு, அவன்மேல் விழுந்து அழுத விபீடணன். காசியப்பனுக்கு, அவனைத் தோற்கடித்த முகலன். ஹாபீலுக்கு, கொன்றவனே. தாதுசேனனுக்கு நேரே கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். பிள்ளைகளில் எவரோ சோக்கட்டியால் அதில் 'சுவர்' என்று எழுதியிருந்தார்கள்.