எண் இல்லாத விருந்தாளி

திருவனந்தபுரம் தம்பானூரில் நின்றால் நகரம் மொத்தமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். சாலைக்கு ஒரு பக்கம் ரயில் நிலையம். எதிரே பஸ் நிலையம். அதை ஒட்டி, லாரி பேக்கர் செங்கல்லைச் சுருள் சுருளாக மேலே ஏற்றிக் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்குபவர் ஒரு காபியை முடிப்பதற்குள் தன் கைபேசியில் நகரத்தின் பாதியைப் பார்த்துவிடலாம். ரயில் நிலையத்தில் ரயில்டெல்லின் வைஃபை தினமும் அரை மணி நேரம் இலவசம். பஸ் நிலையங்கள், அரசு அலுவலகங்கள் போன்ற பொது இடங்களில் கேரள அரசின் 'கே-ஃபை' இருக்கிறது. அதில் நாளொன்றுக்கு 1 ஜிகாபைட் வரை இலவசம். கைபேசி எண்ணைக் கொடுத்தால் போதும். ஓ.டி.பி. வரும், கதவு திறக்கும்.

கொழும்பிலிருந்து வருபவருக்கோ கதவு திறப்பதில்லை. அவரும் தமிழ்தான் பேசுகிறார். விமானத்தில் வந்த நேரம், நாகர்கோவில்காரர் ரயிலில் வந்த நேரத்தைவிட அதிகம் இருக்காது. அவர் கையிலும் நல்ல கைபேசி இருக்கிறது. ஆனால் இந்திய எண் இல்லை. எண் இல்லாததால் ஓ.டி.பி. இல்லை. ஓ.டி.பி. இல்லாததால் அரசு இலவசமாகக் கொடுப்பதை அவர் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் இந்தியாவுக்கு வந்ததே இன்டர்நெட் வழியாகத்தான். 2014 நவம்பரில் இந்தியா இ-விசா முறையைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த ஒன்பது விமான நிலையங்களில் திருவனந்தபுரமும் ஒன்று. 2015 ஏப்ரலில் அந்த வசதி இலங்கைக்காரர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. வீட்டிலிருந்தபடியே விண்ணப்பம், வீட்டிலிருந்தபடியே அனுமதி. விமானத்திலிருந்து இறங்கிய பிறகுதான் இருட்டு.

இன்டர்நெட் விஷயத்தில் கேரளத்தைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. 1963-ல் தும்பாவிலிருந்து ராக்கெட் ஏவிய ஊர் இது. 1990-ல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கைத் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவராவது கம்ப்யூட்டர் அறிந்திருக்க வேண்டும் என்ற 'அக்ஷயா' திட்டத்தை 2002 நவம்பரில் தொடங்கி வைத்தவர், தும்பாவில் வேலை பார்த்துக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். 2017-ல் மாநில பட்ஜெட்டே இன்டர்நெட்டைக் குடிமக்களின் உரிமை என்று அறிவித்தது. 2023 ஜூன் 5 அன்று 'கே-ஃபோன்' திறக்கப்பட்டது. மின்வாரியக் கம்பங்களின் மேல் கண்ணாடி இழை ஓட்டி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவது அதன் லட்சியம். இவ்வளவு செய்த ஊரில், வெளியூர்க்காரர் ஒருவர் தன் வீட்டுக்கு 'வந்து சேர்ந்தேன்' என்று இரண்டு வார்த்தை அனுப்ப வழி தேடி அலைகிறார்.

ஒரு காலத்தில் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தபால் காலத்தில் பயணிகள் தங்கள் கடிதங்களை ஊரின் தலைமைத் தபால் நிலையத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். புளிமூட்டில் உள்ள தலைமைத் தபால் நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் கடிதம் கைக்கு வந்துவிடும். பிறகு மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் வந்தன. அங்கே பாஸ்போர்ட்டுக்கும் வேலை இல்லை, மீட்டர் காட்டும் தொகையைக் கொடுத்தால் போதும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. முதலில் மும்பை, டெல்லி போன்ற பெருநகரங்களுக்குத்தான். 1998-ல் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்த பிறகு பிரவுசிங் சென்டர்கள் ஊர் ஊராகப் பரவின. கோவளம் கடற்கரையில் தையல் கடைக்கும் மீன் உணவகத்துக்கும் நடுவே நான்கு கம்ப்யூட்டர் போட்ட அறைகள் முளைத்தன. வெள்ளைக்காரப் பயணி ஈரத் தலையோடு வந்து அம்மாவுக்கு ஈமெயில் அடித்தார். நகருக்குள் இருந்த சென்டர்களில் வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவனின் முகத்தை வெப்கேமராவில் பார்க்கப் பெண்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். வந்தவரும் போனவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். உள்ளூர், வெளியூர் பேதம் இல்லை.

அந்தப் பெஞ்சை இரண்டு விஷயங்கள் காலி செய்தன. ஒன்று பயம், மற்றது மலிவு.

முதலில் பயம். 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் ஈமெயில் வந்தது. புலனாய்வுத் துறையினர் அதன் தடத்தைப் பிடித்துப் போனபோது அது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டில் முடிந்தது. அவர் அனுப்பவில்லை. பூட்டாமல் விட்ட அவர் வைஃபையில் யாரோ நுழைந்து அனுப்பியிருந்தார்கள். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. பொது இடத்தில் வைஃபை கொடுப்பவர்கள் பயன்படுத்துபவரின் புகைப்பட அடையாள அட்டையின் நகலை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், அல்லது அவருடைய கைபேசிக்கு எஸ்.எம்.எஸ். மூலம் கடவுச்சொல் அனுப்ப வேண்டும். இரண்டு வழிகள் இருந்தும் எல்லோரும் இரண்டாவதையே பிடித்துக்கொண்டார்கள். நகல் எடுக்க ஆள் வேண்டும். எஸ்.எம்.எஸ். அனுப்ப ஆள் வேண்டாம்.

பிரவுசிங் சென்டர்களுக்கு 2011-ல் தனி விதிகள் வந்தன. அடையாளம் பார்க்க வேண்டும், பதிவேட்டை ஓராண்டு காக்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் ஏற்கத்தக்க அடையாளங்களின் பட்டியலில் பாஸ்போர்ட்டும் இருந்தது. அதாவது, கெடுபிடி இருந்தாலும் வெளிநாட்டவருக்குக் கதவு திறந்தே இருந்தது.

அடுத்து மலிவு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலையைத் தரைமட்டமாக்கியது. கணவனின் முகம் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்ட பிறகு சென்டர் வாசலில் யார் காத்திருப்பார்கள்? பல மூடப்பட்டன. மிஞ்சியவை ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் என்று வேஷம் மாற்றிக்கொண்டன. உள்ளூர்க்காரர் எதையும் இழக்கவில்லை. பாஸ்போர்ட் மட்டும் வைத்திருந்தவர்தான் இருந்த ஒரே கதவையும் இழந்தார்.

இது கடற்கரைக்கு வரும் உல்லாசப் பயணியின் பிரச்னை மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மருத்துவக் கல்லூரிக்கு அருகே உள்ள குமாரபுரம் பக்கம் போனால் சிரிப்பு வராது. மாலத்தீவிலிருந்து சிகிச்சைக்காக வருபவர்கள் பல ஆண்டுகளாக அறை எடுத்துத் தங்கும் பகுதி அது. மண்டல புற்றுநோய் மையமும் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ நிறுவனமும் பக்கத்திலேயே. அங்கே வருபவர்கள் இரண்டு நாளில் திரும்புவதில்லை. பரிசோதனை முடிவை ஊரில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டும். பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டும். விசாவை நீட்டிக்க வேண்டுமானால் அதற்கும் ஆன்லைன்தான். 2018 ஏப்ரலில் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற முறை வந்த பிறகு அலுவலக வரிசை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. சட்டப்படி தங்குவதற்கே இன்டர்நெட் வேண்டும்.

லாட்ஜ்காரர் தன் வீட்டுக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளியின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். விருந்தாளியைப் பற்றிய செய்தி இன்டர்நெட்டில் போய்விடுகிறது. விருந்தாளிதான் போக முடியவில்லை.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பாஸ்போர்ட், விசா, புகைப்படம் கொடுத்து உள்ளூர் சிம் வாங்கலாம். நீண்ட நாள் தங்குபவருக்கு அதுவே சரியான வழி. ஆனால் அந்த எண் உயிர் பெறும்வரை காத்திருக்க வேண்டும். முதல் நாள்தான் மிக அவசரமான நாள். சொந்த நாட்டு சிம்மில் ரோமிங் போடலாம். டேட்டா கிடைக்கும், இந்திய எண் கிடைக்காது, செலவும் கூடும். நல்ல ஹோட்டலில் தங்கினால் அறையோடு வைஃபை வரும். மலிவான அறையில் அதற்கு உத்தரவாதம் இல்லை. இவை எல்லாம் வசதியைப் பொறுத்தவை. மருந்துக்கே கணக்குப் பார்க்கும் குடும்பம் லாட்ஜ் சொந்தக்காரரிடமோ பக்கத்துப் படுக்கை நோயாளியின் உறவினரிடமோ ஹாட்ஸ்பாட் கேட்டு நிற்கிறது. பெரும்பாலும் கிடைத்தும்விடுகிறது. மனிதர்கள் கொடுப்பதை இயந்திரம் மறுக்கிறது என்பதுதான் விசித்திரம்.

பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆமதாபாத் நடந்தது உண்மை. ஆனால் யார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் பாஸ்போர்ட்டைவிட உறுதியான அடையாளம் எது? குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தி உள்ளே விட்ட மனிதர் அவர். டெல்லி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் வைஃபை கூப்பன் கிடைக்கும். 2009 உத்தரவிலேயே அந்த வழி இருக்கிறது. தம்பானூரிலும் மருத்துவக் கல்லூரி வாசலிலும் இதைச் செய்ய ஒரு மேஜையும் ஓர் ஆளும் போதும். ஊர் முழுக்க இருக்கும் அக்ஷயா மையங்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் தகும். அங்கே ஆளும் இருக்கிறார், கம்ப்யூட்டரும் இருக்கிறது.

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. விடுதியில் மாலை நேரத்தில் கைபேசியை ஒப்படைக்க மறுத்து வெளியேற்றப்பட்ட கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கு அது. இன்டர்நெட்டை அடையும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடக்கம் என்றது நீதிமன்றம். அதற்கு ஆதாரமாகக் காட்டிய அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'நபர்' என்று சொல்கிறது. இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் அது பொருந்தும்.

2017 பட்ஜெட் குடிமக்களோடு நின்றது. அரசியல் சட்டம் ஒரு படி மேலே போகிறது. அந்த ஒரு படிதான் தம்பானூரில் பெட்டியோடு நிற்கும் கொழும்புக்காரருக்கும், எதிரே காபி குடித்துக்கொண்டே கைபேசி பார்க்கும் நாகர்கோவில்காரருக்கும் இடையில் இருக்கும் தூரம்.