தெருவில்லா ஊர்களின் தெரு

அலாஸ்கா செல்லும் கப்பலின் மேற்றளத்தில் மனிதர் கூடாரம் அடிப்பர் என்று கேள்வியுற்றபோது நாம் நம்பவில்லை. பெலிங்ஹாம் துறையில் ஏறிய மாலையே கண்டோம். அறை எடுக்க வசதியற்றோர் தம் கூடாரங்களின் ஓரங்களை, காற்று பறித்துவிடாதபடி, ஒட்டுநாடாவால் தளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தனர். நாமும் அவ்வினத்தவரே. கூடாரம் இல்லாமையால் சாய்கதிரையில் படுத்தோம்.

முதற்றுறையான கெற்சிகனை அடைய இரண்டு இரவும் ஒரு பகலும் சென்றன. அதற்கப்பால் தோங்கஸ் பெருங்காடு, ஏறக்குறைய 1.7 கோடி ஏக்கர். கறுத்த ஊசியிலை மரங்கள் நீர்விளிம்புவரை இறங்கி நிற்க, மலைகளைப் புகார் மூடியும் திறந்தும் விளையாடியது. ராங்கல் நெருக்கில் சிவப்பும் பச்சையுமான விளக்குகளுக்கிடையே கப்பல் வளைந்து வளைந்து நுழைந்தபோது எல்லோரும் பேச்சடங்கி நின்றனர்.

அழகை எழுத நம்மினும் வல்லார் உளர். நம்மை ஈர்த்தது கப்பலின் கீழ்த்தளம்: லொறிகள், மரப்பலகைகள், மாமூட்டைகள், குளிர்சாதனப் பெட்டிகள். தலைநகர் ஜூனோவுக்கே வெளியிலிருந்து தரைவழி கிடையாது. ஆகவே 1963 முதல் மாநில அரசே இக்கப்பல்களை ஓட்டுகிறது. 'கடற் பெருந்தெரு' என்பதே அச்சேவையின் பெயர். தெரு இலாபம் தரவில்லை, மூடிவிடுங்கள் என்று எவரும் சொல்வதில்லை. கப்பலென்றால் மட்டும் கணக்குக் கேட்கிறார்கள். 2019இல் ஒதுக்கீடு வெட்டப்பட்டது. யூலையில் கப்பற்றொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தொடர்ந்த குளிர்காலத்தில் சில ஊர்கள் மாதக்கணக்கில் கப்பலைக் காணவில்லை. அதே ஆண்டுக் கோடையில் உல்லாசக் கப்பல்களில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இக்கரையைப் பார்த்து மகிழ்ந்து சென்றிருந்தனர்! குறிகட்டுவானில் நெடுந்தீவு வள்ளத்துக்குக் காத்து நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஜூனோவில் சிறிய கப்பலுக்கு மாறி, திலிங்கித் மக்களின் ஊரான அங்கூனுக்குச் சென்றோம். 1882இல் கம்பனிப் படகொன்றில் திமிங்கில வேட்டைக் குண்டு வெடித்து அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் இறந்தார். மரபுப்படி ஊரார் இருநூறு கம்பளி ஈடு கேட்டனர். கடற்படையோ ஊரார்தாம் நானூறு கம்பளி தண்டம் தரவேண்டும் என்றது. முழுதும் கிடைக்காமையால், ஒக்டோபர் 26இல் ஊரைப் பீரங்கியால் சுட்டுக் கொளுத்தியது; தோணிகளை உடைத்தது; மாரிக்கெனச் சேமித்த உணவும் அழிந்தது. புகையில் ஆறு குழந்தைகள் மாண்டதை ஊர் இன்றும் சொல்கிறது. 1973இல் 90,000 டொலர் கொடுத்தார்கள். மன்னிப்பு என்ற சொல் வருவதற்கு 2024 ஒக்டோபர் 26 ஆயிற்று.

அன்று வெளியே போயிருந்த ஒரு தோணி மாத்திரம் தப்பியது. அந்தத் தோணியே அம்மாரியில் ஊருக்கு உணவு தேடிக் கொடுத்தது. அதன் முகப்பிலிருந்த பீவர் உருவத்தை 1999இல் நியூயோர்க் அருங்காட்சியகமொன்றில் இம்மக்கள் அடையாளங்கண்டு மீட்டனர்.

இதைப்பற்றி நம் அருகிலிருந்த திலிங்கித் மூதாட்டியிடம் கேட்டோம். "அந்தத் தோணி இல்லையேல் நானும் இல்லை" என்றார். கப்பல் துறையை அணைந்தது. அவர் அரிசி மூட்டையை இழுக்கத் தொடங்கினார். மறுமுனையை நாம் பிடித்துக்கொண்டோம்.